சர்சி, மெடீயா, மெடூசா: கிரேக்கப் பெண்களுக்கு இப்போதுதான் வாய் வந்ததா?

ஜூன் 3, காலை

வாசகர் ஒருவர் கிளப்பிவிட்டது இது: "கிரேக்கப் புராணங்களில் பெண்களுக்குப் பேச வாயே கிடையாது. ஆயிரக்கணக்கான வருடங்கள் ஊமையாக நின்றவர்களை இப்போது வரும் நாவல்கள்தான் பேசவைக்கின்றன. மேட்லின் மில்லரின் 'சர்சி' இப்போதுதான் முடித்தேன், பிரமாதம். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?"

உண்டு. எனக்கு உண்டு. சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.

ஜூன் 3, இரவு

அவர்கள் பேசியது போதாது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். வாயே கிடையாது என்றால் சண்டைதான்.

கி.மு. 431இல் ஏதென்ஸில் யூரிப்பிடிஸ் அரங்கேற்றிய 'மெடீயா'வை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளிருந்து புலம்பல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு அவள் வெளியே வந்து கொரிந்து ஊர்ப் பெண்களிடம் நிதானமாகக் கணக்குப் போடுகிறாள். பணத்தைக் கொட்டிக் கணவனை வாங்குகிறோம், வாங்கியவனே நம் உடம்புக்கு எஜமானன் ஆகிவிடுகிறான். அவனுக்கு வீடு சலித்தால் வெளியே போய் ஆற்றிக்கொள்வான், நமக்கு அவன் முகம் ஒன்றுதான் கதி. ஒரு பிள்ளை பெறுவதைவிட, மூன்று தடவை கேடயம் ஏந்திப் போர்முனையில் நிற்கலாம் என்கிறாள்.

அதற்கும் முன்னால் ஹோமர். அவருடைய ஒடிசி காவியத்தின் ஐந்தாம் காண்டத்தில், டிராய்ப் போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிசியஸைத் தன் தீவில் வைத்திருக்கும் கலிப்ஸோ என்ற பெண் தெய்வத்திடம், தேவர்களின் தூதன் ஹெர்மிஸ் வந்து அவனை விட்டுவிடச் சொல்கிறான். அவளுக்கு வருகிற கோபத்தைப் பாருங்கள். நீங்கள் எல்லாம் மனிதப் பெண்களோடு இஷ்டத்துக்குப் படுக்கலாம், ஒரு பெண் தெய்வம் மனிதன் ஒருவனை வைத்துக்கொண்டால் மட்டும் உங்களுக்குப் பொறுக்காது என்று பெயர் பெயராக எடுத்துப் போடுகிறாள். சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் அவனுக்குத் தெப்பம் கட்டக் கோடரியும் கொடுத்து அனுப்புகிறாள்.

இவர்களையா ஊமை என்கிறீர்கள்?

ஜூன் 4

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது. "எழுதியது ஆண், முகமூடி போட்டு நடித்தது ஆண். இதில் எங்கே பெண் குரல்?"

நியாயம்தான். மெடீயாவின் வசனத்தைப் பேசியது முகமூடிக்குப் பின்னால் ஓர் ஆண். ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் சாப்போவை என்ன செய்வது? கி.மு. 600ஐ ஒட்டி லெஸ்போஸ் தீவில் வாழ்ந்த பெண் கவிஞர். எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் பழைய குப்பைமேட்டில் கிடைத்த பப்பைரஸ் துண்டு ஒன்றில் அவளுடைய ஹெலன் இருக்கிறாள். குதிரைப்படைதான் உலகத்திலேயே அழகு என்பார் சிலர், காலாட்படை என்பார் சிலர், கப்பல்கள் என்பார் சிலர், ஒருவர் எதை விரும்புகிறாரோ அதுதான் அழகு என்பேன் நான், என்று தொடங்குகிறது. சாட்சிக்கு அழைப்பது ஹெலனை, டிராய்ப் போருக்கே காரணம் என்று சொல்லப்படுகிறவளை. நல்ல கணவன், பெற்றோர், பெற்ற பிள்ளை எல்லாரையும் விட்டுக் கப்பலேறிப் போனவள். அதில் திட்டும் இல்லை, வக்காலத்தும் இல்லை. போனாள், அவ்வளவுதான். இன்றைய நாவலாசிரியர் யாராவது ஹெலனை இவ்வளவு லேசாக விட்டுவிடுவார்களா? டிராய் இளவரசன் பாரிஸ் தூக்கிக்கொண்டு போனான் என்பார்கள், இல்லாவிட்டால் கணவன் மெனலாவஸ் கொடுமைக்காரன் என்பார்கள். போவதற்கு ஒரு காயம் வேண்டும்.

இந்தக் காயம் விஷயத்துக்குத் திரும்ப வருவேன்.

ஜூன் 4, பின்னிரவு

அகலிகை, சீதை, திரௌபதி பற்றி எழுதுகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள். அங்கேயும் வந்து சண்டை போடுகிறேன். இங்கே கொட்டினால் கிரேக்கர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

ஜூன் 6

'சர்சி' (2018). எனக்குப் பிடிக்காது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே காதில் மாட்டிக் கேட்ட புத்தகம் அது. சர்சி தனியாகத் தீவில், ஒடிசியஸுக்குப் பிறந்த மகன் டெலிகோனஸைப் பெற்று வளர்க்கும் பகுதி வருகிறதே. பிள்ளை ஓயாமல் அழுகிறது, தூங்குவதில்லை, இவள் சூரியதேவன் மகள், சாகாவரம் பெற்றவள், ஆனாலும் தரையில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறாள். ஹோமரிடம் அந்தப் பிள்ளையே கிடையாது. அந்த ஒரு பகுதிக்காக அந்தப் புத்தகத்தை யார் திட்டினாலும் சண்டைக்குப் போவேன்.

ஆனால் பன்றி விஷயம். ஹோமர் காரணமே சொல்வதில்லை. தீவுக்கு வந்த ஒடிசியஸின் ஆட்களை உட்கார வைத்து, பாலடைக்கட்டியும் பார்லி மாவும் தேனும் ஒயினும் கலந்து கொடுத்துவிட்டுக் கோலால் தட்டுகிறாள், பன்றியாகிவிடுகிறார்கள். ஏன்? சொல்லமாட்டார். அவளுக்கு அது வழக்கம், அவ்வளவே. மில்லரிடம் அதற்கு முன்னால் ஒரு கப்பல்காரன் அவளைப் பலாத்காரம் செய்கிறான், அதற்குப் பிறகுதான் பன்றியாக்கல் தொடங்குகிறது.

இது நன்றாக எழுதப்பட்ட பகுதிதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. டிராய்ப் போரின் பெருவீரன் அகிலிஸ் ஊர் ஊராகக் கொளுத்தியதற்கு யாராவது சின்ன வயதுக் காயம் தேடுகிறார்களா? வீரன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பெண்ணுக்குச் சக்தி இருந்தால் மட்டும் அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது.

ஜூன் 7

பன்றியைப் பற்றி ஒரு துணுக்கு. திரும்ப மனிதராக்கும்போது அந்த ஆட்கள் முன்பைவிட இளமையாகவும் உயரமாகவும் அழகாகவும் வந்தார்கள் என்கிறது ஒடிசி. பிறகு ஒரு வருடம் கறியும் ஒயினுமாக அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஊருக்குக் கிளம்பலாமா என்று ஒடிசியஸுக்கு நினைவூட்டுவதுகூட அவனுடைய ஆட்கள்தான். இவன் கேட்டிருக்கமாட்டான்.

ஜூன் 9

மெடூசாவைப் பற்றிக் கேட்டவருக்கு. "அசல் கிரேக்கக் கதையில் அவள் பாதிக்கப்பட்டவள், பின்னால் வந்த ஆண்கள் அரக்கியாக்கிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசை தலைகீழ்.

பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோடில் அவள் பிறவியிலேயே கோர்கன் என்ற அரக்கி, மூன்று சகோதரிகளில் ஒருத்தி, அவளுக்கு மட்டும் சாவு உண்டு. கடல் தெய்வம் பொசைடனோடு அவள் கூடியது வசந்தகாலப் பூக்கள் நடுவே புல்வெளியில். கோவிலும் இல்லை, பலாத்காரமும் இல்லை, சாபமும் இல்லை. அழகான பெண், கடல் தெய்வம் அவளை மினர்வாவின் (ரோமர்களின் அதீனா) கோவிலில் வைத்துச் சீரழித்தது, தண்டனை அவளுக்கே கிடைத்தது, கூந்தல் பாம்பாயிற்று என்று நாம் இன்று சொல்லும் கதை ஓவிடுடையது. ரோமாபுரி, லத்தீன், கி.பி. 8ஐ ஒட்டி. அவள்மேல் இரக்கத்தைச் சேர்த்தது பின்னால் வந்த ஓர் ஆண் என்பதுதான் வேடிக்கை.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கிரேக்கக் கவிஞன் பிண்டார் கி.மு. 490இல் ஒரு குழல் வாசிப்பவனுக்குப் பாடிய பாட்டு. பெர்சியஸ் என்ற வீரன் மெடூசாவின் தலையை வெட்டியதும் அவள் சகோதரிகள் கதறினார்கள், அந்தக் கதறலைக் கேட்டு அதீனா அதைக் குழலிசையாக்கி மனிதர்களுக்குக் கொடுத்தாள் என்கிறான். வெட்டுவதற்குக் கூடவே நின்று வழிகாட்டியவளும் அதீனாதான். கூடப்பிறந்தவள் செத்ததற்குச் சகோதரிகள் அழுத அழுகை போட்டிக்கு வாசிக்கிற மெட்டாகிவிட்டது. நடாலி ஹெய்ன்ஸின் 'ஸ்டோன் பிளைண்ட்' (2022) அந்தச் சகோதரிகளுக்கு நிறைய இடம் கொடுக்கிறது. நகைச்சுவை சில இடங்களில் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனாலும் அந்தக் குடும்பம் மனதில் நிற்கிறது.

ஜூன் 10

சிலையைப் பற்றிக் கேட்கிறார்கள். லூசியானோ கார்பாத்தி 2008இல் செய்தது. மெடூசா நிமிர்ந்து நிற்கிறாள், ஒரு கையில் வாள், இன்னொரு கையில் பெர்சியஸின் தலை. 2020இல் நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் பூங்காவில் வைத்தார்கள். ஃபிளாரன்ஸில் செல்லினி 1554இல் வடித்துவைத்த பெர்சியஸுக்குப் பதிலடி. பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைக் கெடுத்தது பொசைடன் ஆயிற்றே, பெர்சியஸ் தலை எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். என் கேள்வியும் அதுதான். பெரிய ஆளைத் தொடமுடியாது என்பதற்காக அவன் அனுப்பாத கூலியாளை வெட்டுவானேன்?

ஜூன் 12

பிரிசெயிஸ், அகிலிஸுக்குப் போர்ப்பரிசாகக் கிடைத்த பெண். பேட் பார்க்கரின் 'தி சைலன்ஸ் ஆஃப் த கேர்ள்ஸ்' (2018). முதலாம் உலகப்போரைப் பற்றி எழுதி 1995இல் புக்கர் வாங்கியவர் பார்க்கர். போர் முகாமின் நாற்றம் அவருக்குத் தெரியும். எலி, சீழ், துணி வெளுத்தல், காயத்துக்குக் கட்டுப்போடுதல், இரவில் யார் குடிசைக்கு யார் போகவேண்டும் என்ற உத்தரவு. ராணியாக இருந்தவள் ஒரே நாளில் பரிசுப்பொருளாவது எப்படி என்பதை இவ்வளவு உடம்போடு யாரும் எழுதவில்லை. என் குறை ஒன்றே ஒன்று: இரண்டாம் பகுதியில் அகிலிஸ் புகுந்துவிடுகிறான். அவன் மனசு, அவன் அம்மா, அவன் துக்கம். பிரிசெயிஸின் புத்தகத்தில்கூட அவனுக்கு ஒரு தனியறை.

முதலில் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், இவளும் ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியடில் ஊமை இல்லை. பத்தொன்பதாம் காண்டத்தில் அகிலிஸின் நண்பன் பட்ரோகிளஸின் பிணத்தின்மேல் விழுந்து அழுகிறாள். என் கணவன் கண்ணெதிரே செத்தான், என் மூன்று அண்ணன்தம்பிகளும் அதே நாளில் செத்தார்கள், அழாதே என்று சொன்னவன் நீ ஒருவன்தான். அவள் ஒப்பாரி முடிந்ததும் ஹோமர் ஒன்று சொல்கிறார். சுற்றி நின்ற அடிமைப் பெண்கள் எல்லாரும் பட்ரோகிளஸைச் சாக்காக வைத்து, அவரவர் துயரத்துக்கு அழுதார்கள் என்று. பார்க்கரின் முழு நாவலும் அந்த ஒரு வரிக்குள்ளிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் அந்த வரி புரியும்.

ஜூன் 15

பல நாளாகத் தள்ளிப்போட்டது: பன்னிரண்டு பணிப்பெண்கள்.

ஒடிசியின் இருபத்திரண்டாம் காண்டம். ஒடிசியஸ் இல்லாத காலத்தில் அவன் மனைவி பெனலோப்பியைக் கட்டிக்கொள்ள வந்து வீட்டை மொய்த்த காதலர் கூட்டத்தைக் கொன்று முடித்தாயிற்று. வீட்டிலிருக்கும் ஐம்பது அடிமைப் பெண்களில் அவர்களோடு படுத்தவர்கள் பன்னிரண்டு பேர் என்று கிழவி யூரிக்ளியா கணக்குக் கொடுக்கிறாள். அந்தப் பன்னிரண்டு பேரையே பிணங்களை வெளியே சுமக்கவைத்து, மேசை நாற்காலிகளில் இருக்கும் ரத்தத்தைக் கழுவவைக்கிறார்கள். வேலை முடிந்ததும் சாவு. ஒடிசியஸ் வாளால் வெட்டச் சொல்கிறான். மகன் டெலிமாக்கஸ், இவளுகளுக்குச் சுத்தமான சாவு கூடாது என்று கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்கில் போடுகிறான். கண்ணியில் மாட்டிய பறவைகள்போல என்கிறார் ஹோமர். கால்கள் கொஞ்சம் உதறின, ரொம்ப நேரம் இல்லை.

பெனலோப்பி மாடியில் தூங்குகிறாள். அதீனா போட்ட தூக்கம்.

மார்கரெட் அட்வுட்டின் 'தி பெனலோப்பியாட்' (2005) கையிலெடுப்பது இந்தத் தூக்கத்தைத்தான். பாதாளத்தில் இருந்துகொண்டு பெனலோப்பி தன் கதையைச் சொல்கிறாள். பணிப்பெண்களைக் காதலர்களோடு ஒட்டி உறவாடி வேவு பார்க்கச் சொன்னது நான்தான், யூரிக்ளியாவிடம் அந்த ரகசியத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், என்கிறாள். நடுநடுவே பன்னிரண்டு பேரும் கோரஸாக வந்து பாடுகிறார்கள், மானுடவியல் விரிவுரை நடத்துகிறார்கள், ஒடிசியஸை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். பாதாளத்தில் பெனலோப்பி கிட்டே போனால் விலகி ஓடுகிறார்கள். அவள் அழுகிறாள், என்னதான் வேண்டும் என்று கேட்கிறாள், இவர்கள் நிற்பதில்லை.

எங்கள் வாசிப்புக் குழுவில் இதைப் படித்தபோது பாதிப்பேர் பெனலோப்பிமேல் கடும் கோபத்தில் இருந்தார்கள். "இவள் கதையைச் சொல்லத்தானே புத்தகம், இவளையே மாட்டிவிட்டால் எப்படி" என்றார் ஒரு தோழி. அந்தக் கேள்விதான் இந்த இழைக்கே என் பதிலைத் தெளிவாக்கியது. பிறகு எழுதுகிறேன், வீட்டில் விருந்தாளி.

ஜூன் 16

நேற்றையதற்குச் சேர்க்கை. பன்னிரண்டு பேருக்கும் பெயரில்லை என்று எங்கும் எழுதுகிறார்கள். ஒருத்திக்கு உண்டு, மெலாந்தோ. பெனலோப்பி சொந்த மகள்போல வளர்த்து விளையாட்டுப் பொருளெல்லாம் கொடுத்த பெண். பதினெட்டாம் காண்டத்தில் பிச்சைக்காரன் வேடத்தில் வந்த ஒடிசியஸை வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். மகள்போல வளர்ந்தவள் கயிற்றில் தொங்கியதற்குப் பெனலோப்பி என்ன நினைத்தாள் என்று ஹோமர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 20

மெடீயா. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் இவள் கதையை ஒருநாள் சொன்னேன். சொந்த அப்பாவைக் காட்டிக்கொடுத்து, தங்க ஆட்டுத்தோலை எடுத்துக் கொடுத்து, கடல் கடந்து ஜேசனோடு வந்தாள், அவன் கொரிந்து ராஜா மகளைக் கட்டிக்கொண்டான், இவள் அந்தப் பெண்ணுக்கு விஷப் புடவை... சரி, விஷ அங்கி அனுப்பிக் கொன்றுவிட்டு, பெற்ற இரண்டு பிள்ளைகளையும் கொன்றாள். "அப்புறம் அக்கா, அவளைத் தூக்குல போட்டாங்களா?" என்றது பக்கத்து மேசைப் பெண். இல்லை, தாத்தா சூரியன் அனுப்பிய பாம்புத்தேரில் ஏறிப் பறந்து போய்விட்டாள் என்றேன். யாரும் சாப்பிடவில்லை. வயதில் மூத்த ஓர் அக்கா மட்டும் மெதுவாக, "ஜேசன் உயிரோட இருந்தானா? அப்ப சரி" என்றார். எது சரி என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தேர் எங்கே போகிறது தெரியுமா? ஏதென்ஸுக்கு. அந்த ஊர் ராஜா ஈஜியஸ் அடைக்கலம் தருவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். அதாவது அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறவர்களின் ஊருக்கே வருகிறாள். அவர்களோ கி.மு. 451இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டத்தில் வாழ்கிறவர்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வெளியூர்ப் பெண்ணோடு வாழ்ந்து பிள்ளை பெற்றுவிட்டு, பிறகு சட்டப்படி ஒருத்தியைக் கட்டிக்கொள்ளும் ஜேசன் அவர்களுக்கு அன்னியமே இல்லை. நாடகத்துக்குப் போட்டியில் கிடைத்தது மூன்றாம் இடம். போட்டியிட்டதே மூன்று பேர்.

மெடீயாவைக் குற்றமற்றவளாக்கும் நவீன மறுகதைகள் அவளை வெளுத்து அனுப்பிவிடுகின்றன என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. பிள்ளைகளைக் கொன்றது கொரிந்துக்காரர்கள் என்று ஒரு கதை பழங்காலத்திலேயே உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பௌசானியஸ் கொரிந்துக்குப் போனபோது அந்தப் பிள்ளைகளின் நினைவிடத்தைப் பார்த்திருக்கிறார். மெர்மெரஸ், ஃபெரிஸ் என்று பெயரும் கொடுக்கிறார். ஊர்க்காரர்கள் கல்லால் அடித்துக் கொன்றார்களாம், அதற்குப் பழியாக ஊர்க் குழந்தைகள் செத்தனவாம், பிறகு பரிகாரமாக ஆண்டுதோறும் பலி கொடுத்துக் குழந்தைகளுக்கு முடிவெட்டிக் கறுப்புடை போட்டார்களாம். ரோமர்கள் ஊரை அழித்துப் புதியவர்களைக் குடியேற்றிய பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. கொலையைத் தாய் தலையில் கட்ட யூரிப்பிடிஸுக்குக் கொரிந்து ஐந்து டேலண்ட் (பெரும் பணம்) கொடுத்தது என்று பழைய உரைக்குறிப்பில் ஒரு வதந்தி வேறு. நான் நம்பவில்லை. அது ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டா அணிக்கும் இடையே பெலோபொனீசியப் போர் வெடித்த வருடம், கொரிந்து எதிரணி. ஆனாலும் அப்படியொரு வதந்தி கிளம்பியதே ஒரு செய்தி.

கிறிஸ்டா வோல்ஃப் 'மெடீயா'வில் (1996) கையாள்வது இந்தக் கல்லெறிக் கதையைத்தான். கிழக்கு ஜெர்மனியில் எழுதி வாழ்ந்தவர். அந்த நாடே இல்லாமல் போனபின், ரகசியப் போலீஸோடு அவருக்கு முன்பு இருந்த தொடர்பு வெளிவந்து பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டபின், ஊர் ஒன்று தன் குற்றத்தை அன்னியப் பெண் தலையில் ஏற்றுவதைப் பற்றி எழுதினார். இதில் மெடீயா குற்றமற்றவள். ஆனால் வெளுத்ததாகத் தோன்றவில்லை. ஏன் என்று இப்போது சொல்லமுடிகிறது.

ஜூன் 21

மெடீயாவின் சொந்த ஊரான கோல்கிஸ் இன்றைய ஜார்ஜியா என்பதால் ஒரு சின்ன விலகல். அங்கே பதூமி நகரச் சதுக்கத்தில் 2007இலிருந்து மெடீயாவுக்குச் சிலை இருக்கிறது, கையில் தங்கத்தோலோடு. நம்ம ஊர்ப் பெண், கிரேக்கன் ஏமாற்றிவிட்டான், அவ்வளவுதான் அங்கே கதை.

ஜூன் 25

வாக்குக் கொடுத்த பதில்.

இந்த நாவல்களை நான் இப்போது ஒரே கேள்வி வைத்துத்தான் படிக்கிறேன்: நாயகியால் செத்த இன்னொரு பெண்ணை ஆசிரியர் என்ன செய்தார்?

கிளைட்டம்னெஸ்ட்ராவுக்கு நியாயம் பேசுவது சுலபம். மகள் இஃபிஜினியாவைக் கல்யாணம் என்று வரவழைத்து, டிராய்க்குக் கப்பல்கள் கிளம்பக் காற்று வேண்டும் என்பதற்காகப் பலிகொடுத்தான் அவள் கணவன், கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னன். யூரிப்பிடிஸ் ஒரு படி மேலே போய், அவளுடைய முதல் கணவனையும் மடியிலிருந்த குழந்தையையும் கொன்றுதான் அவளைக் கட்டிக்கொண்டான் என்கிறார். பத்து வருடம் காத்திருந்து குளியலறையில் வெட்டினாள், கைதட்டலாம். ஆனால் அவனோடு தேரில் வந்திறங்கிய கசாண்ட்ரா? டிராயிலிருந்து இழுத்து வரப்பட்ட அடிமை. அவளையும் வெட்டினாள். ஈஸ்கிலஸின் நாடகத்தில் (கி.மு. 458) இரண்டு பிணங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, இவள் சாவு என் விருந்துக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைத்தது என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். மறுகதையில் இந்த இடம் வரும்போது பக்கத்தைக் கவனியுங்கள். கசாண்ட்ராவை வேறு யாரோ கொன்றுவிடுகிறார்களா, திரைக்குப் பின்னால் போய்விடுகிறாளா, ஒரு வாக்கியத்தில் முடிகிறாளா. ஜெனிஃபர் செயின்ட் 'எலெக்ட்ரா'வில் (2022) கசாண்ட்ராவுக்கும் தனி அத்தியாயங்கள் கொடுத்தது அந்த வகையில் நல்ல முடிவு. வோல்ஃபின் 'கசாண்ட்ரா' (1983) முழுக்கவே அந்தக் கோட்டை வாசலில், சாகப்போவது தெரிந்தவளின் மனசுக்குள் ஓடுவது.

மெடீயாவிலும் அதே கேள்விதான். விஷ அங்கி போட்ட அந்த ராஜகுமாரிக்கு யூரிப்பிடிஸ் பெயர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் தூதன் வாயிலாக, அவள் அதை உடுத்திக்கொண்டு கண்ணாடி பார்த்துச் சிரித்ததையும், எழுந்து அறைக்குள் நடந்து திரும்பிக் காலைப் பார்த்துக்கொண்டதையும் சொல்லிவிட்டுத்தான் கொல்கிறார். வோல்ஃப் அவளைக் கிளாவ்கே என்று அழைத்து ஆறு குரல்களில் ஒன்றாக்கிவிட்டார். அதனால்தான் அவருடைய மெடீயா நல்லவளாக இருந்தும் கதை இனிப்பாகவில்லை. பெனலோப்பிமேல் கோபப்பட்ட என் தோழிக்கும் இதுதான் பதில்: மாட்டிவிட்டதால்தான் அது நல்ல புத்தகம்.

ஜூன் 26

"அப்படியென்றால் மெடீயாவுக்கு அனுதாபம் கூடாதா?" என்று கேட்டவருக்கு: தாராளமாகப் படுங்கள். எங்கள் அலுவலக அக்காவும் பட்டார். அனுதாபத்துக்காக அவள் கையைக் கழுவிவிட வேண்டாம் என்கிறேன்.

ஜூன் 28

எதில் தொடங்குவது என்று தனிச்செய்தியில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். 'தி பெனலோப்பியாட்' சின்னப் புத்தகம், ஒரு ராத்திரியில் முடியும். மறுநாள் ஒடிசியின் இருபத்திரண்டாம் காண்டத்தைப் படியுங்கள், எந்த மொழிபெயர்ப்பானாலும் சரி. பிறகு பார்க்கர். 'சர்சி'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறையில் படிக்க ஏற்றது. 'மெடீயா' நாடகம் அறுபது எழுபது பக்கம்தான் வரும், அதை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம்.